நேயர் விருப்பம்: பொம்மிடியில் பாட்டுக் கேட்டவர்கள்

1

தமிழில் பாட்டைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. இசையமைப்பாளரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாடலாசிரியரைப் பற்றி, பாடகரைப் பற்றி, பாட்டின் வழியாகக் கட்சிகள் வளர்ந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நாடகமேடைப் பாட்டும் கிராமபோன் தட்டும் தேசிய இயக்கத்துக்குள் எப்படி வேலை செய்தன என்று சு. தியடோர் பாஸ்கரன் விரிவாகவே சொல்லியிருக்கிறார். இந்த எழுத்துகளில் ஓர் ஆள் மட்டும் ஓரமாகவே நிற்கிறார். பாட்டைக் கேட்ட ஆள். அவருக்கு 'ரசிகர்', 'வெகுஜனம்', 'சாமானியர்' என்று மொத்தமாக ஒரு பெயர் போட்டு முடித்துவிடுகிறோம். அவருக்கு ஊர் கிடையாது, தெரு கிடையாது, சாதி கிடையாது.

இடதுசாரி விமர்சனம் இந்த ஆளைப் பார்த்து இரக்கப்பட்டது. சினிமாப் பாட்டு என்கிற லாகிரியில் மயங்கிக் கிடப்பவன், எழுப்பப்பட வேண்டியவன் என்றது. அடோர்னோ 1938இல் கேட்பின் பின்னடைவு பற்றி எழுதியதைப் படிக்காதவர்கள்கூட அவர் பேசிய தோரணையில்தான் பேசினார்கள். நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் அவரை வேறு மாதிரிப் பார்த்தார்கள். நாற்று நடும்போது பாடுகிற பாட்டி அவர்களுக்கு வேண்டும். அதே பாட்டி சாயங்காலம் டி.வி.யில் சிவாஜி பாட்டுக் கேட்டால் அது களப்பணிக் குறிப்பேட்டில் ஏறாது.

விருப்பப் பாடல் என்பது தனி ஒருவரின் ருசி மட்டுமல்ல என்று நினைக்கிறேன். எந்தப் பாட்டை, யார், எந்தத் திசையில், எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டம் இருந்தது, இருக்கிறது. எது இசை, எது இரைச்சல் என்று பிரித்துச் சொல்கிற உரிமை அதிகாரத்தின் உரிமைகளில் ஒன்று என்கிறார் ழாக் அத்தாலி, 1977இல் எழுதிய நூலில். அவர் ஐரோப்பாவின் அரசவையையும் சந்தையையும் பார்த்து எழுதினார். நான் பொம்மிடியைப் பார்த்து எழுதுகிறேன். என் ஆதாரங்கள் பெரும்பாலும் என் வீட்டிலும் எங்கள் காலனியிலும் கேட்டவை. எழுதப்பட்ட ஆவணங்களில் எங்கள் ஆட்கள் குற்றவாளியாகவோ பயனாளியாகவோதான் வருகிறார்கள். பாட்டுக் கேட்டவர்களாக எந்தக் கோப்பிலும் இல்லை.

2

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்துக்கும் மொரப்பூருக்கும் நடுவில் இருக்கிறது பொம்மிடி. நிர்வாகக் கணக்கில் பி. மல்லாபுரம் பேரூராட்சி. ஜனங்கள் வாயில் பொம்மிடிதான், காரணம் ரயில் நிலையத்தின் பெயர் அது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு 1860களின் தொடக்கத்தில் போட்டு முடித்த பாதையில் உள்ள நிலையம். 1965இல் தர்மபுரி தனி மாவட்டம் ஆகும்வரை இந்தப் பகுதி முழுக்க சேலம் ஜில்லா.

சேலம் ஜில்லா என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, மதுரையோடு சேலமும் ஒன்று. போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிக அதிகம். மண்டபம் முகாமில் தடுத்து நிறுத்தி, மருந்தடித்துக் கப்பலேற்றினார்கள். தோட்டத்தில் அவர்கள் பாடிய பாட்டுகளைப் பின்னாளில் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். கங்காணிமீது கோபம், விட்டுவந்த ஊர்மீது ஏக்கம், கொழுந்துக் கூடையின் பாரம் என்று எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருந்தன. பாடியவர்களின் பெயர்கள் தோட்டத்துப் பதிவேட்டில் கடன் கணக்குக்கு எதிரே இருந்தன. இந்தப் பதிவேடு விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

ரயில் கொண்டுபோனது ஆட்களை. ரயில் கொண்டுவந்ததில் ஒன்று ஒலிபெருக்கி. கிராமபோன் பெட்டியும் கூம்புக் குழாயும் பேட்டரியும் சேர்ந்ததை எங்கள் பக்கம் 'ரேடியோ செட்டு' என்பார்கள். அதில் ரேடியோ இருக்காது, இசைத்தட்டுதான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் முதல் நாள் சாயங்காலமே புளியமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு தொடங்குவார்கள். மூன்று மைல் சுற்றளவுக்கு விசேஷம் தெரிந்துவிடும். பத்திரிகை வைக்காதவர்களுக்கும் தெரியும்.

பொம்மிடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த கல்யாணத்தைப் பற்றி அவரே சொன்னது:

"ஊர்ல கொழா கட்டுனா காலனிக்கு நல்லா கேக்கும். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. காலனியில கட்டுனா மட்டும் கொழாயத் திருப்பி ஏரிப் பக்கமா வெக்கணும்னாங்க. எங் கல்யாணத்துப் பாட்டு முச்சூடும் ஏரிதான் கண்ணு கேட்டுச்சு."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. காலனியின் சத்தம் ஊருக்குள் போகவே கூடாது என்பதல்ல அந்தச் சட்டம். ஊரில் சாவு விழுந்தால் பறை போயே ஆகவேண்டும். போகாவிட்டால் கட்டுப்பாடு, அபராதம், அடி. ஆக, ஊழியமாக வருகிற சத்தம் ஊருக்குள் வரலாம், வந்தாக வேண்டும். விருப்பமாக வருகிற சத்தம் வரக்கூடாது. அதே ஆளின் கைகளால் எழுந்த ஒலி ஒரு நாள் சடங்கு, மறு நாள் இரைச்சல். ஒலியின் தீண்டாமை என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தேநீர்க்கடையில் தனிக்குவளை எப்படியோ அப்படியே காற்றிலும் ஒரு தனிக்குவளை இருந்தது.

3

காற்றில் இருந்த அந்தச் சட்டத்தை முதலில் மீறியது எந்தப் போராட்டமும் அல்ல, வானொலி. அதுவும் இந்திய வானொலி அல்ல.

1952இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்று நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு ஜனங்கள் உயர்வார்கள் என்று எதிர்பார்த்தார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி அரசு தன் நேயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. ருசியைச் சீர்திருத்தப் போன மேல்சாதி மனம் ஒன்று, வானொலிப் பெட்டியின் காதைத் திருகத் தெரிந்த கோடிக்கணக்கானவர்களிடம் தோற்ற கதை இது. நம் கலாச்சார வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வந்தன. நேயர் விருப்பம். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பினால் அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். இந்த ஊரிலிருந்து இன்னார், இன்னார், இன்னார் என்று பட்டியல் நீளும். பாட்டைவிடப் பட்டியலுக்காகக் காத்திருந்தவர்கள் அதிகம். என் அத்தை எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் எழுதிய கடைசி எழுத்துகள் அந்த அஞ்சலட்டைகள்தான் என்று சொல்லலாம். அவர் கேட்ட பாட்டு 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடியது. தம்பியைத் தூங்கவிடாத பாட்டு. ஒரு நாள் மத்தியானம் அத்தையின் பெயரும் பொம்மிடி என்கிற பெயரும் வந்தன. பட்டியலில் அதே ஊரிலிருந்து இன்னொரு பெயரும் வந்தது. அது ஊர்த் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர். இருவரும் ஒரே பாட்டைக் கேட்டிருந்தார்கள்.

"அவ பேருக்கு முந்தி எம் பேர வாசிச்சாங்க" என்பார் அத்தை. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் இதைச் சொல்லும்போது குரலை இறக்கித்தான் சொன்னார், யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல.

அந்த அறிவிப்பாளருக்கு அத்தை எந்தத் தெரு என்று தெரியாது. அஞ்சலட்டையில் சாதி எழுத இடம் இல்லை. பள்ளிப் பதிவேடு, ரேஷன் கார்டு, தாலுக்கா ஆபீஸ் என்று ஒருவரின் பெயர் சத்தமாக வாசிக்கப்படுகிற இடங்களிலெல்லாம் சாதியும் பின்னாலேயே வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு பெண்ணின் பெயர் வெறும் பெயராக, ஒரு விருப்பத்தின் சொந்தக்காரராக, கடல் தாண்டி வாசிக்கப்பட்டது. பொழுதுபோக்கு என்று ஒதுக்க இதில் ஒன்றும் இல்லை. குடிமையின் ஒரு சிறு ஒத்திகை என்றே சொல்வேன்.

ஆனால் அந்த வானொலி யாருடையது? 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய அதே அரசுடையது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. அந்த மனிதர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. சேலம் ஜில்லாவிலும் திருச்சியிலும் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் பெயர்ப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், சேலம் ஜில்லாவில் தங்கிவிட்டவர்களின் பெயர்கள் கொழும்பிலிருந்து இனிமையாக வாசிக்கப்பட்டன. அத்தைக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்த பிறகு அத்தையின் சந்தோஷம் எனக்குள் குறையவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றும் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

4

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன்பின் நடந்ததை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கேட்டவர் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இளையராஜா வந்த காலமும் கேசட் பரவிய காலமும் எங்கள் பக்கம் ஒன்றோடொன்று பிணைந்தவை. இசைத்தட்டு வசதி உள்ளவர் வீட்டுப் பொருள். கேசட் அப்படியில்லை. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக்கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பத்துப் பன்னிரண்டு பாட்டைப் பதிந்து தருவார்கள். பாட்டின் வரிசையை முதன்முதலாகக் கேட்பவர் தீர்மானித்தார். அந்தத் துண்டுச் சீட்டுகள் எங்கள் தலைமுறைக்கு முந்தியவர்களின் தன்வரலாறுகள். நாட்குறிப்பு எழுதும் பழக்கமில்லாதவர்கள் கேசட் அட்டையின் கோடுகளில் எழுதினார்கள்.

இதே காலத்தில் தர்மபுரி மாவட்டத்தில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. நக்சல்பாரி இயக்கம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் தனிக்குவளையை எதிர்த்தது, கந்துவட்டியை எதிர்த்தது, சாதி கடந்த திருமணங்களை நடத்தியது. 1980இல் பாலன் போலீசால் கொல்லப்பட்டார். வால்டர் தேவாரத்தின் தலைமையில் நடந்த வேட்டையில் இளைஞர்கள் பலர் 'மோதல்' என்கிற சொல்லுக்குள் புதைக்கப்பட்டார்கள். அப்பு, பாலன் பெயரால் பின்பு அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது.

இயக்கங்களும் கேசட் போட்டன. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாட்டுகள் வந்தன. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' வந்தது. அந்தக் குரலை முதலில் கேட்டபோது எங்கள் காலனியில் பலர், இது நம்ம ஆளு பாடறது என்றார்களாம். 'நம்ம ஆளு' என்பதை எதை வைத்துச் சொன்னார்கள்? ராகத்தை வைத்தல்ல. மூச்சு எடுத்த இடத்தை வைத்து.

என் சித்தப்பா தொண்ணூறுகளில் ஒரு அமைப்பின் படிப்பு வட்டத்துக்குப் போய்வந்தவர். சினிமாப் பாட்டுக் கேட்பது தோழருக்கு அழகல்ல என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருந்த இளையராஜா கேசட்டை எடுத்து அதன்மேலேயே இயக்கப் பாட்டுகளைப் பதிந்துகொண்டு வந்துவிட்டார். ஒரு பக்கம் 30 நிமிடம். இயக்கப் பாட்டு 26 நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் நாலு நிமிடத்தில் பழைய பாட்டின் பாதி அழியாமல் இருந்தது. சின்னப் பையனாக நான் கேட்ட முதல் கேசட் அதுதான். கோபமான குரல்கள், தப்பட்டை, கோரஸ், ஒரு 'டக்' சத்தம், அப்புறம் வயலின்கள். அந்த இரண்டும் ஒரே பாட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சித்தப்பா கேசட்டை ஒருபோதும் 26ஆவது நிமிடத்தில் நிறுத்தியதில்லை.

அந்தப் படிப்பு வட்டத்தின் தூய்மைவாதம் வரலாற்று ரீதியாகவும் நிற்காது. இளையராஜா பாட்டுக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று, அவர் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய கச்சேரிக் குழு. இயக்க மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனதும் சினிமாவிலிருந்து இயக்கக் கேசட்டின் மிச்ச நாலு நிமிடத்துக்கு வந்ததும் ஒரே ஓடைதான். உழைப்பவன் உரிமையைக் கேட்க வேண்டும், ஆனால் வயலினைக் கேட்கக்கூடாது என்கிற அரசியல், அவன் இன்பத்தைச் சந்தேகப்படுகிற அரசியல். குழாயை ஏரிப் பக்கம் திருப்பச் சொன்னவர்களும் சந்தேகப்பட்டது அதையேதான். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒரு தரப்பு எங்களுக்காக உயிரைக் கொடுத்தது. எங்கள் விருப்பத்தைக் கேட்டறியாமல் எங்களுக்காகப் பேசலாம் என்று அந்தத் தரப்பும் நினைத்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

5

பாட்டைப் பார்க்கத் தொடங்கியது தனி வரலாறு. வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒளியும் ஒலியும்'. டி.வி. இருந்த வீடுகள் ஊரில் இருந்தன. காலனிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஜன்னல் சாத்தப்படும் நாளும் உண்டு, சாத்தப்படாத நாளும் உண்டு. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவசக் கலர் டி.வி.யை நகரத்து நடுத்தர வர்க்கம் கேலி செய்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கேலி செய்யவில்லை. டி.வி. காலனி வீட்டுக்குள் வந்தது. இரவல் ஜன்னல் தேவைப்படவில்லை.

சன் மியூசிக்கில் பழைய நேயர் விருப்பம் வேறு உருவத்தில் திரும்பியது. தொலைபேசியில் கூப்பிட்டுப் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும், இந்தப் பாட்டை யாருக்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் பையன்கள் எத்தனையோ சாயங்காலங்கள் லைன் கிடைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கிடைத்தவன் சொல்கிற பெயர்கள் பாதி நேரம் பொய்ப் பெயர்கள். காரணம், பாட்டு யாருக்கோ அவளுடைய வீட்டிலும் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மெமரி கார்டு. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைகளில் பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குப் பாட்டு ஏற்றிக்கொடுத்தார்கள். 2 ஜிபி கார்டில் நூற்றுக்கணக்கான பாட்டும் கொஞ்சம் வீடியோவும் அடங்கும். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள், ஸ்பீக்கர் அலறுகிற சைனா செட்டை வைத்துக்கொண்டு பொதுப்பெட்டியில் பாட்டுப் போட்டார்கள். ரயிலில் யாரும் திசையைத் திருப்பச் சொல்லவில்லை. ஓடுகிற பெட்டிக்கு ஊர் இல்லை, காலனி இல்லை.

2008இல் எங்கள் எல்லார் கார்டிலும் இருந்த வீடியோ 'சுப்ரமணியபுரம்' படப் பாட்டு. தாமரை எழுதி ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்தது. பேச்சே இல்லாமல் தெருவில், பார்வையில் மட்டும் நடக்கிற காதல். நான் அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இன்றைக்கும் எனக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அந்தச் சின்னத் திரையில் ஒருவன் தலையைச் சாய்த்துச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நாங்களும் அப்படிச் சிரித்துப் பழகினோம். சட்டை, தாடி, நடை எல்லாமே பாட்டிலிருந்து எடுத்தோம். சினிமா தந்த உடம்பு என்று இதைக் கேலி செய்யலாம். குனிந்தே நடந்து பழகிய தெருவில் நிமிர்ந்து நடப்பதற்கு ஒரு மாதிரி தேவைப்பட்டது. அது பாட்டிலிருந்து கிடைத்தது.

அந்தப் படத்தில் அந்தக் காதல் எங்கே போய் முடிகிறது என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் கூப்பிட்டு அவன் போகிறான், அவள் வீட்டு ஆட்கள் அவனைக் கொல்கிறார்கள். கார்டில் அந்தக் காட்சி இருக்காது. கடைக்காரர் பாட்டை மட்டும் வெட்டி ஏற்றிக் கொடுத்திருந்தார். நாங்கள் வைத்திருந்தது பார்வையை மட்டும். பார்வைக்குப் பின்னால் வருவதை அல்ல.

6

2010 வாக்கில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுபடியும் ஊர் பெயர் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பு வேனில் பாக்ஸ் கட்டிப் பாட்டுப் போட்டு வந்தோம். கோயில் அருகே நிறுத்தினார்கள்.

"தாண்டுற வரைக்கும் ஆஃப் பண்ணுப்பா, அப்புறம் போட்டுக்க."

பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பாக்ஸ் நின்றது. வேன் மெதுவாக நகர்ந்தபோது ஒருவன் சட்டைப் பையிலிருந்து அதே பாட்டு சன்னமாகக் கேட்டது. அடுத்து இன்னொருவன் பை. அப்புறம் இருபது பைகள். எதுவும் எதோடும் சேரவில்லை. ஒரு செல்லில் பல்லவி, இன்னொன்றில் சரணம். யார் பையில் பாடுகிறது என்று யாரையும் கைகாட்ட முடியாது. ஊர் ஆட்கள் சிலர் சிரித்தேவிட்டார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

2012 நவம்பர் 7. நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. தலித் இளைஞர் ஒருவரும் வன்னியர் பெண் ஒருவரும் திருமணம் செய்துகொண்டதைச் சொல்லித் தொடங்கிய தாக்குதல். நடந்த இடம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதி, முப்பது வருடங்களுக்கு முன் சாதி கடந்த திருமணங்களை இயக்கம் நடத்திய அதே மண். அன்றைக்கு எரிந்தவற்றில் ஓலைக் குடிசைகள் அல்ல முக்கியம். பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்து வாங்கிய பீரோ, கட்டில், மோட்டார் சைக்கிள், டி.வி. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் சம்பாதித்த பொருள்களைத் தேடித்தேடி அழித்தார்கள்.

அதையொட்டிய மாதங்களில் பாட்டாளி மக்கள் கட்சியின் நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். இந்தப் பேச்சைப் பலர் கண்டித்தார்கள், சிலர் நகைச்சுவையாக்கினார்கள். நான் அதைப் பாட்டின் வரலாற்றில் வைத்துப் பார்க்கிறேன். ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் எங்கிருந்து வந்தன? பாட்டுக் காட்சியிலிருந்து. ஒரு காலத்தில் குழாயின் திசையைப் பற்றிய கோபம் இப்போது சட்டையையும் கண்ணாடியையும் பற்றிய கோபமாகிவிட்டது. தங்கள் விருப்பம் ஏரியைப் பார்த்துத் திரும்பாமல் தெருவைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் காலனிப் பையன்கள்மீது இருந்த குற்றச்சாட்டு.

2013 ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம் கிடந்தது. அதன்பிறகு எங்களில் பலர் 'சுப்ரமணியபுரம்' பாட்டைக் கேட்கிறபோது ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அழிக்கவும் இல்லை. புது செல் வாங்கினால் முதலில் ஏறுகிற பாட்டுகளில் அதுவும் இருக்கிறது.

7

2021 மார்ச்சில் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. சினிமா இல்லாமல், தனிப் பாட்டுக் காட்சியாக. அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியதாகச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் அவர். காட்சியில் அந்தப் பாட்டியே உட்கார்ந்திருக்கிறார். நிலமில்லாமல் போனவர்களின் பாட்டு நிலத்தைக் கொண்டாடுகிற பாட்டாக உலகம் முழுக்க ஓடியது. எங்கள் பக்கம் கல்யாண வேன்களிலும் ஓடியது, ஊரிலும் காலனியிலும். ஒப்பாரியின் குரல் ஊர்க் கல்யாணத்தில் ஒலித்ததை என் வாழ்நாளில் அப்போதுதான் கேட்டேன்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பெயர்ப் பிரச்சினை வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா'வின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. பாட்டை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்று மூவரும் பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். 2024இல் சந்தோஷ் நாராயணனே இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்றார். யூடியூபில் பல கோடி முறை பார்க்கப்பட்ட பாட்டு இது.

சட்டரீதியாக யாருக்கு எவ்வளவு என்பது என் கேள்வி அல்ல. கடன் கணக்குக்காகத் தோட்டத்துப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்கள், குடியுரிமைப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட பெயர்கள், ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்ட பெயர்கள். அவற்றில் ஒன்றை ஒரு பேரன் பாட்டில் கொண்டுவந்து உலகத்தின் முன் வைக்கிறான். உடனே அட்டையில், மேடையில், கணக்கில் யார் பெயர் முதலில், யார் பெயர் இல்லை என்கிற சண்டை தொடங்கிவிடுகிறது. பாட்டு எல்லாருக்கும் சொந்தம் என்று இந்தச் சமயத்தில் சொல்கிறவர்களைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நிலம் எல்லாருக்கும் சொந்தம் என்று அவர்கள் சொன்னதில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள், நல்லது. பாட்டின் ஆவணம் அது. கேட்டவர்களின் ஆவணம் வீடுகளில் கிடக்கிறது. கேசட் அட்டைகளில், ரெக்கார்டிங் சென்டர் துண்டுச் சீட்டுகளில், தேய்ந்த மெமரி கார்டுகளில், குழாயை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று இன்னும் நினைவு வைத்திருக்கிற பெரியம்மாக்களிடத்தில். ஒவ்வொரு ஊரிலும் யாராவது உட்கார்ந்து இதை எழுத வேண்டும். எந்தப் பாட்டு என்பதோடு எந்தத் தெரு, எந்த வருடம், சத்தம் எவ்வளவு, யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து.

எழுதும்போது பெயர்களைச் சரியான வரிசையில் எழுத வேண்டும். அத்தை அதில் கறாரானவர்.